பால் வாளியில் விழுந்த போன்

மதினி,

இன்று காலை என் போன் உயிரை விட்டுவிட்டது. ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தும், பொத்தானை அமுக்கினால் முகமே கொடுக்கவில்லை. அவிசாவளைக்கு பஸ் ஏறி, போன் திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா என்று கேட்டாள். இரண்டும் இல்லை என்றேன். "வேற எதுலயாவது விழுந்துச்சா?" என்று அவள் விடாமல் கேட்கவும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கதைக்கு என்னோடு சேர்ந்து சிரிக்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

உறவென்று பார்த்தால் நீங்கள் எனக்கு மதினியே இல்லை. தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லய வரிசையில், அடுத்தடுத்த காம்பரா, அதுதான் நம் ஒற்றை அறை வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை என்பதால் நீங்கள் அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் நான் இந்தப் பக்கம் தும்முவேன். நீங்கள் மலையில் ரப்பர் பால் வெட்டினீர்கள். நான் பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று லயத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தமிழென்றால் சத்தமாக வாசிப்பேன். இங்கிலீஷ் என்றால் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, நாலு எழுத்தைக் கூட்டி, மிச்சத்தை மனதில் பட்டபடி சொல்லிவிடுவேன். மருந்துப் போத்தல் மட்டும் வந்தால் டிஸ்பென்சரி ஐயாவிடமும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளச் சொல்லுவேன். அந்த அளவுக்காவது எனக்குப் பயம் இருந்தது.

பால் வாளியில் விழுந்த உங்கள் போனை உங்கள் மகள் சுமதி குவைத்திலிருந்து, ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். சுமதி அங்கே வீட்டு வேலைக்குப் போய் அப்போது நாலு வருடம். வேலை செய்த வீட்டு அம்மா வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் போன் பேச விடுவாளாம். அந்த வெள்ளிக்கிழமை வரப்போகும் கோல் சாதாரணக் கோல் இல்லை. பிள்ளை ஊருக்கு வரப்போகிறாள், டிக்கெட் எந்த நாளுக்கு, எத்தனை மணிக்கு என்று அன்றைக்குத்தான் சொல்லுவாள். விமான நிலைய வாசலில் ஆள் இல்லாமல் வந்து இறங்கும் பெண்களை வேன்காரர்கள் ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போவதாகக் கதை கதையாகக் கேட்டிருந்தோம். அதோடு அது யுத்தம் நடந்த செக்பொயின்ட் காலம். நம் தமிழ்ப் பெயரோடு தனியாகப் பெட்டி தூக்கிக்கொண்டு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எது எப்படிப் போனாலும் பிள்ளை வெளியே வரும்போது முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

புதன்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். நான் குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் மலையிலிருந்து ஓடி வந்தீர்கள். வலது கை முழங்கை வரைக்கும் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது, இன்னொன்று கை தட்டிச் சிரித்தது. உங்கள் கையில் வெள்ளையாக என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது. போனை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தீர்கள் அல்லவா, சிரட்டையிலிருந்த ரப்பர் பாலை வாளியில் ஊற்றக் குனிந்தபோது நூல் அறுந்துவிட்டதாம். வாளி முக்கால்வாசி நிறைந்திருந்ததாம்.

"படிச்சவ நீ பாரு புள்ள" என்று என் கையில் வைத்தீர்கள். நானும் படித்தவள் மாதிரியே பார்த்தேன். பொத்தானை அமுக்கினேன், காதில் வைத்தேன், உதறினேன். ஒன்றுமில்லை. பின்பக்க மூடியைக் கழற்றி பெட்டரியை எடுத்தேன். உள்ளேயும் பால். குழாயைத் திறந்து கழுவப் போனேன், நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கழுவாத. ஈரப் பாலத் தொடச்சா இழுவும். ஒறைய விடு, தோலாட்டம் உரிஞ்சி வந்துரும்."

இருபது வருடம் பாலோடு புழங்கியவர் சொல்வதற்கு மேலே எனக்கு என்ன தெரியும்? பெட்டரியை மட்டும் துணியால் துடைத்து வைத்துக்கொண்டு போனோடு நேரே புகை வீட்டுக்குப் போனோம். ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் போட்டுப் புகையில் காய வைக்கும் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் குணே அண்ணன். சிங்களக் கிராமத்து ஆள், நம் தமிழை நம்மை விட வேகமாகப் பேசுவார். போனைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். பிறகு, "ஹரி ஹரி, சரி சரி, தொரைக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லி, அதை ஒரு துணியில் முடிந்து, சூடு குறைவான கதவுப் பக்கத்தில், ஷீட்டுகளுக்கு நடுவில் தொங்கவிட்டார். அன்றைக்கும் மறுநாளும் அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் போன் பழுத்துவிட்டதா என்று எட்டிப் பார்த்துக் கேலி பண்ணினார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் அது புகை மணக்க வெளியே வந்தது. நீங்கள் காம்பரா வாசற்படியில் உட்கார்ந்து, ஊசியும் நகமுமாக உரிக்கத் தொடங்கினீர்கள். சொன்னது சொன்னபடி, பால் தோலாக உரிந்து வந்தது. பொத்தான்களுக்கு நடுவிலிருந்து வலை போல ஒரே இழுப்பில் கழன்றது. உரித்ததையெல்லாம் பக்கத்திலிருந்த ஒட்டுப்பால் சாக்கில் போட்டீர்கள். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்ததைச் சேர்க்கிற சாக்கு அது. ரப்பரில் ஒரு துணுக்கையும் வீசத் தெரியாத கை உங்களுக்கு. பெட்டரியைப் போட்டு, சார்ஜில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினீர்கள். போன் ஒரு குலுக்குக் குலுக்கி வெளிச்சம் போட்டது.

லயமே கூடிவிட்டது. யாரோ தேங்காய் உடைக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் நீங்கள் திரையைக் காட்டி, "என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கே, என்னா புள்ள அது?" என்று கேட்டீர்கள்.

இன்சர்ட் சிம். எழுத்துக் கூட்டினேன். இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. இத்தனை பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு, "போன் ரெடியா இருக்காம் மதினி, கோல் வருமாம்" என்றேன். எல்லாரும் இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

மறுநாள் நீங்கள் வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்கு மேலேயுள்ள பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். காலையிலேயே தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளே நேரில் வரப்போவது போல அங்கே போய் உட்கார்ந்தீர்கள். ஒரு மணிக்குக் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, ஆயா அக்காவிடம் ஒப்படைத்து, தேத்தண்ணியோடு ஏறி வந்தேன். போன் உங்கள் உள்ளங்கையில் இருந்தது. அது அடிக்கவேயில்லை. வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் கோல் வந்துவிடும். "அவ மறக்க மாட்டா புள்ள, அங்க என்னா தடங்கலோ" என்றீர்கள். என்மேல் உங்களுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. நான்தான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எட்டி எட்டிப் பார்த்தேன். திரையில் அதே இரண்டு சொல் நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம்தான் குணே அண்ணன், தான் காய வைத்த போன் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார், கூட லயத்துப் பெண்கள் மூன்று நாலு பேர். அவருடைய போனிலும் ஒரு தடவை அந்த எழுத்து வந்ததாம். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சிம் இல்லே அக்கே! உள்ளுக்கு ஒரு சின்ன கார்ட் இருக்கோணும், நெகம் அளவு. அதுலதான் நம்பர். இது அந்தக் கார்டைப் போடச் சொல்லுது, யார் இதை ரெடின்னு சொன்னது?" என்றார்.

பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாறை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது எனக்கு. உங்கள் பிள்ளையின் குரலை நான் என் வாயால் தடுத்துவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். எல்லாம் விளங்கிவிட்டது என்பது உங்கள் கண்ணில் தெரிந்தது. பிறகு அவர்கள் பக்கம் திரும்பினீர்கள்.

"அவ சரியாத்தான் சொன்னா. சந்தோசத்துல நாந்தான் காதுல வாங்கல" என்றீர்கள்.

மதினி, என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு அழுகை வந்திருக்காது. ஆனால் அழ நேரம் கொடுத்தீர்களா என்ன? நேற்று போனின் வயிற்றுப் பக்கம் உரித்தபோது தோலோடு ஒன்று கெட்டியாக வந்ததே என்று சொல்லிக்கொண்டே நல்ல சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, பாறையிலிருந்து இறங்கி ஓடினீர்கள். நாங்கள் பின்னால். வெள்ளிக்கிழமை ஒட்டுப்பால் நிறுக்கிற நாள். உங்கள் சாக்கு ஏற்கெனவே ஸ்டோருக்குப் போய்விட்டிருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் எல்லாச் சாக்கும் கொட்டி, இடுப்புயரத்துக்கு ஒரே குவியல். லொறி வந்து நிற்கிறது. ஒட்டுப்பால் நாற்றம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்று நாள் குளித்தாலும் போகாது. கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். சுமதி வரப்போகிறாள், நம்பர் இதற்குள்ளே கிடக்கிறது என்று நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதும் அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலில் இறங்கினார். லொறிக்காரர் இறங்கினார். நாங்கள் பத்துப் பேர் கண்ணால் தேடினோம். நீங்கள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினீர்கள், மெத்தென்றிருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு. அரை மணி நேரத்தில், சுருண்டு கிடந்த ஒரு தோலுக்குள்ளிருந்து அந்த நகத்துண்டை உரித்து எடுத்தீர்கள். லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக் கொண்டாடினார்.

பாறையில் மறுபடி ஏறி, குணே அண்ணன் அதைச் செருகி, பொத்தானை அமுக்கினார். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அந்தக் குவைத் வீட்டு அம்மா நல்லவள் போலிருக்கிறது, பத்துத் தடவைக்கு மேல் எடுக்க விட்டிருக்கிறாள். ஏன் இவ்வளவு நேரம் போன் வேலை செய்யவில்லை என்று சுமதி அழுதது எங்களுக்கே கேட்டது. "குளிச்சிட்டு இருந்திச்சும்மா" என்றீர்கள். தலை முதல் கால் வரை ஒட்டுப்பால் நாறிக்கொண்டு நின்று அதைச் சொன்னீர்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி என்று அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டீர்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். இங்கிலீஷ் வாசிக்க ஆள் வேண்டுமாம்! உயரத்தில் இருந்த பலகையில் எழுத்துகள் மாறி மாறி ஓடின. "என்னா போட்டிருக்கு புள்ள?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்தீர்கள். "தெரியல மதினி" என்றேன். எனக்கு வயது முப்பத்திரண்டு, அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். "அப்பாடா, இனி ஒன்ன நம்பலாம்" என்று சொல்லிச் சிரித்து, பக்கத்திலிருந்த பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் சத்தமாகக் கேட்டீர்கள். அவர் விமானம் இறங்கிவிட்டது என்றார். கண்ணாடிக் கதவு திறந்து சுமதி வந்தபோது, நீங்கள் விரும்பியபடியே அவள் முதலில் பார்த்தது உங்கள் முகத்தை.

அந்த வெட்கத்தில்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். பயிற்சி வகுப்புகளுக்குப் போனேன், பழைய பத்திரிகைகளை வாங்கி எழுத்துக் கூட்டினேன். மூன்று நாலு வருடத்தில் ஓரளவு வாசிக்க வந்துவிட்டது. நீங்கள் அதைப் பற்றிப் பெருமையாக எல்லாரிடமும் சொன்னீர்கள், அந்தப் பாறைக் கதையை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில், டொக்டர் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அதை என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். நான் வாசித்தேன். ஒரு சொல் விடாமல் விளங்கியது. முகத்தை இறுக்கிக்கொண்டு, "தெரியல மதினி" என்றேன்.

நீங்கள் என்னையே பார்த்தீர்கள், பாறையில் பார்த்த அதே பார்வை. பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள்.

"அன்னைக்கும் ஒனக்குப் பொய் சொல்ல வரல, இன்னைக்கும் வரல. சரி, சீட்ட நீயே வச்சிக்க. சுமதிக்குத் தீவாளி முடியட்டும்."

அந்தத் தீபாவளிக்கு நீங்கள் முறுக்குச் சுட்டு லயம் முழுக்கக் கொடுத்தீர்கள். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தினீர்கள். நான் உங்கள் பக்கத்திலேயே நின்றேன், சீட்டு என் இடுப்பில் இருந்தது. அம்மா இந்த வருடம் ஏன் இவ்வளவு குஷியாக இருக்கிறாள் என்று சுமதி என்னிடம் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் நம்பிவிட்டாள்.