வால் கனம்

மார்ச் 3

கொட்டகையில் விமானத்தை எடை போட்டோம். மூன்று சக்கரத்துக்கும் அடியில் தராசு, இருக்கையில் அண்ணன். வெறும் விமானத்தை முதலில் போடலாம் என்றேன். அவனுக்குப் பொறுமை இல்லை. கட்டுவது அவன், கணக்கு நான்.

வால் கனக்கிறது. இப்படியே பறந்தால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், வேகம் செத்துவிடும், அப்புறம் விழவேண்டியதுதான். முன்னால் உட்காருகிறவரின் எடைதான் மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கிறது. அண்ணன் எழுபத்திரண்டு கிலோ. அப்படித்தான் கணக்கில் இருக்கிறது.

மொத்த எடை மட்டும் நினைத்ததைவிடக் குறைவு. மரத்தை அவ்வளவு நைசாக இழைத்திருக்கிறான் என்று பாராட்டினேன். சிரித்தான். "குருவி, நீ ஓட்டணும்னா ஒரு சிமெண்ட் மூட்டையைக் கட்டிக்கிட்டுத்தான் ஏறணும்." என் எடை அவ்வளவு குறைவு. என்னிடமும் லைசென்ஸ் இருப்பதில் அவனுக்கு எப்போதும் ஒரு கிண்டல்.

மார்ச் 8

வாலில் பூசிய பெயின்ட் முழுவதையும் சுரண்டினோம். போதவில்லை.

மார்ச் 19

இன்று எடை சரியாக நின்றது, வால் கனக்கவில்லை! முன்னால் பெரிய பேட்டரி வைத்தேன் என்றான்.

மார்ச் 20

இருக்கை மெத்தையைத் துடைக்க எடுக்கப் போனேன். தூக்க முடியவில்லை. தையலைப் பிரித்தால் உள்ளே துணி சுற்றிய ஈயக்கட்டிகள். பேட்டரி பழையதுதான்.

வெறும் விமானத்தைத் தராசில் ஏற்றினேன். என் கணக்கில் பிசகே இல்லை. குறைந்தது விமானம் இல்லை. ஐயோ, நான் பாராட்டினேனே.

அவன் வந்ததும் ஈயத்தைக் காட்டினேன். ஒரு கட்டியை எடுத்துத் துணியைத் திரும்பச் சுற்றினான். பிறகு, "வயித்துல கட்டியாம். இன்னும் சில மாசம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு தடவை பறந்துட்டு உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்."

"மேல பறக்கிறப்போ இந்த ஈயம் பின்னாடி சரிஞ்சா நீ அவ்வளவுதான், தெரியுமா?"

"தெரியும்."

அந்தத் 'தெரியும்' எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 21

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. அந்தப் பறக்கிற மரப்பெட்டியைக் கொளுத்திவிடு என்றாள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். உயிரோடு முறைக்கட்டும்.

ஏப்ரல் 6

அண்ணியே வந்தாள். "பறக்கட்டும். ஆனா பத்திரமா இறங்கணும். அது உன் பொறுப்பு."

ஈயத்தைக் காலடிப் பலகையில், முன்னால், போல்ட் போட்டு முறுக்கினேன். இனி அசையாது.

ஏப்ரல் 20

காற்று ஓயவில்லை. அண்ணனை மறுபடி தராசில் நிறுத்தினேன். இன்னொரு கட்டி சேர்த்தேன். பேசினான்: "நான் கரையக் கரைய நீ ஈயம் ஊத்து."

ஏப்ரல் 29

இன்னும் ஒரு கட்டி. காற்று.

மே 11

காற்று அடங்கியது. ஓடுபாதை ஓரத்தில் எல்லாம் தயார். அண்ணனால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் பிடித்து முயன்றோம். வலியில் கத்திவிட்டான். திரும்பிவிட்டோம்.

மே 12

விடிந்ததும் அவனே, நீ ஓட்டு, கிளம்பு என்றான். அவனைக் காரில் உட்காரவைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, நான் போய் ஏறினேன்.

ஒரு சுற்று. நேராகப் பறந்தது. பத்திரமாக இறங்கினேன்.

"மூக்கு தூக்கிச்சா?" என்று கேட்டான். இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டான்.

ஏறுவதற்கு முன் ஈயத்தைப் பார்த்தேன். அவனுக்காகப் பூட்டியது. இந்தக் குருவிக்கு ஒரு கட்டிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.