ஜெரார்டுக்குப் பந்தைக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள ஜெரார்ட்,

ஆண்டவர் உன்னோடும் உன் கையோடும் இருப்பாராக. நான் நலம்.

உன்னை நம்ப முடியாது என்று பெற்ற தாயே பேஸ்பால் மைதானத்தில் சொன்னதாக அங்கே நம் ஊரில் பேச்சு வந்திருக்கும். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஃப்ளோரிடாவில் பயிற்சி ஆட்டங்களுக்கு நான் இருக்கை காட்டும் வேலை பார்க்கும் பகுதியில் இரண்டு கிழவர்கள் உன்னைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நான் உன் அம்மா என்று அவர்களுக்குத் தெரியாது.

“கண்ணாடிக் கைய்யா அவனுக்கு! நாலு ஆட்டம் எறிவான், அஞ்சாவதுக்கு ஆஸ்பத்திரி,” என்றார் வெர்னன்.

“அந்த நாலுல ஒருத்தனாவது அவன் பந்தைத் தொட்டானாய்யா? மூணு ஆபரேஷன் ஆனா என்ன, இந்த வருஷமும் டீமுக்கு அவனையே எடுக்கணும்,” என்றார் லூ. “ரீட்டாம்மா, நீங்க சொல்லுங்க, அவனை நம்பலாமா?”

“அவன் கையில பந்தைக் கொடுக்காதீங்க. அவன் என் மகன்,” என்றேன்.

வெர்னன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இன்னொரு முறை தசைநார் அறுந்தால் தைக்க முடியாது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் விருந்தில் நீ பந்தெறியும் வலக்கையை விட்டு இடக்கையால் காப்பிக் கோப்பையைத் தூக்கியதையும் பார்த்தேன்.

என் பெரிய எழுத்துப் பைபிளை அனுப்பு. மாலையில் இங்கே பேச ஆளில்லை. அப்பாவின் கல்லறைமேல் கிடக்கும் பனியை நீ தள்ளாதே, யாரையாவது கூப்பிடு.

பஸ் வந்துவிடும். போனில் கேட்டால் “நல்லாயிருக்கேம்மா” என்பாய். வலிக்கிறதா இல்லையா என்று வலக்கையால் எழுதி அனுப்பு.

அம்மா