காவின் புத்தகத்தில் என் பெயர்

ஜனவரி 5, திங்கள்
என் கடைக்குக் கறுவாப்பட்டை வாங்க வந்தவர் விலாசம் எழுதித் தரச் சொன்னார். வழக்கம்போல், "கண்ணாடிய மறந்திட்டேன்" என்றேன். கண்ணாடி சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்தப் பொய்க்கும் நரைத்துவிட்டது.

பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். பேனாவைப் பிடித்தால் மட்டும் விரல்கள் சொல் கேட்காது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதையும் போனில்தான் தட்டுகிறேன்.

ஜனவரி 9, வெள்ளி
மகள் றுக்ஸானாவுக்கும் ஷிஹாமுக்கும் நிக்காஹ் இருபத்தைந்தாம் திகதி. பெண்ணின் வாப்பா சபை பார்க்கக் காவின் என்கிற நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். பதிவுகாரர் இத்ரூஸ் ஹாஜியார் கிறுக்கலை ஏற்கமாட்டார், முழுப் பெயர் வேண்டும். எனக்குப் பதிலாக நின்று மகளைக் கொடுக்கும்படி தம்பி லாபிரிடம் சொல்லிவிட்டேன். கை சுளுக்காம் எனக்கு!

ஜனவரி 10
ஒரு பக்கம் பெயரை எழுதிப் பழகிப் பார்த்தேன். அடுப்பில் போட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி
என்ன காரியம் செய்துவிட்டேன். எனக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சாம். றுக்ஸானா அழுத முகத்தோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஷிஹாமப் புடிக்கல்லன்னா நேரா சொல்லுங்க வாப்பா. லாபிர் சாச்சாவ ஏன் நிப்பாட்டுறீங்க?"

பிடிக்காதா? தங்கமான பிள்ளை அவன். மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். ஒரு கடதாசியில் என் பெயரை எழுதிக் காட்டினேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

அவள் கடதாசியை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். "என்ட ரிப்போட் புத்தகத்துல எல்லாம் உம்மாவே ஒப்பம் வச்சது இதுக்கா? என்ட படிப்புல உங்களுக்கு அக்கறையே இல்லன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமா அப்படியா நெனச்சா? என் பிள்ளை — அப்படியா நெனச்சா?

ஜனவரி 17
லாபிரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

ஜனவரி 25, ஞாயிறு
ஷிஹாமின் கையைப் பிடித்து மகளைக் கொடுத்தேன். குரல் தடுமாறவில்லை. பிறகு புத்தகம் வந்தது.

"ஹாஜியார், எனக்கு எழுதுறது கஷ்டம். நேரமெடுக்கும்" என்றேன், சபைக்கே கேட்க.

"பொண்ணுட வாப்பா நீங்க. எவ்வளவு நேரமும் எடுங்க."

அப்துல் ஸமத். கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் சாப்பாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்?

ஜனவரி 28, புதன்
றுக்ஸானா பழைய ரிப்போட் புத்தகம் ஒன்றோடு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. தாய் என்ற இடத்தில் உம்மாவின் ஒப்பம். மூன்று தவணைப் பரீட்சைப் பக்கங்களிலும் தந்தை என்ற இடம் வெறுமை. பேனாவை நீட்டினாள்.

"தேத்தண்ணி ஊத்துறேன். ஆறுதலா, நேரமெடுத்து ஒப்பம் வைங்க வாப்பா."

மூன்று தவணைக்கும் வைத்தேன்.