எஞ்சின் காவிய தோள்

உன் தோள்மெத்தை என் மடியில் கிடக்கிறது, மச்சான். நீ உடுத்த பழைய சாறத்தை மடித்து உன் மனுசி தைத்தது. நீ கண்ணை மூடிய பிறகு என்னிடம் தந்தாள். இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. நேற்று ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கரையிலிருந்து படகின் எஞ்சினைத் தடியில் கொளுவித் தோளில் வைத்து வீட்டுக்குக் காவுவோம். நீ முன்னால், நான் பின்னால். தடி அழுத்தி இருவருக்கும் வலத்தோள் கறுத்துக் காய்த்துப் போனது. சண்டைக் காலத்தில் ஆமியின் சோதனைச் சாவடியில் அதை இயக்கத்தில் சேர்ந்து துவக்குத் தூக்கிய தழும்பு என்பார்கள் என்று எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. அன்று பஸ்ஸால் இறக்கி என் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தோளைக் கண்டதும் தனியே நிறுத்தினார்கள். உன்னை ஒருவரும் கேட்கவில்லை. நீயாகவே சட்டையைக் கழற்றி, "ஐயா, இது எஞ்சின் காவின தோள். எனக்கும் இருக்குது, பாருங்கோ" என்றாய். நல்ல சாட்சிதான் போ! என்னைப் பின்னேரம் விட்டார்கள். உன்னைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள்.

அதன்பின், தோள் இனியும் காய்க்கக்கூடாதென்று, மெத்தை இல்லாமல் நீ தடியைத் தொட்டதில்லை. "மாப்பிள்ளை தலகணியோட வாறார்" என்று கரையே சிரித்தது. வெட்கம்கெட்ட நானும் சிரித்தேன். "சிரியுங்கோடா, தோல் என்ரை" என்றாய்.

நேற்று உன் மகனின் மோட்டார் சைக்கிளில் பட்டணம் புறப்பட்டோம், அவன் பிள்ளைக்குப் பால்மா வாங்க. மண்டைதீவுச் சந்தியில் பொலிஸ். நயினாதீவு போய்த் திரும்பிய தென்பகுதி யாத்திரை பஸ்களைக் கையசைத்து அனுப்பினார்கள். எங்களை மறித்தார்கள். "தீவோ? மீன்பிடியோ? அப்ப கஞ்சா எங்க?" அவனுடைய பையைத் தார் றோட்டில் கொட்டினார்கள்.

அப்போதுதான் கவனித்தேன், என் சட்டை திறந்திருந்தது. யாரும் கேட்கவில்லை, மச்சான். என் விரல்களே பொத்தான்களைக் கழற்றியிருந்தன. நான் வலத்தோளைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பொலிஸ்காரனுக்கு உன் மகனின் வயதுதான் இருக்கும். "ஐயாவுக்கு என்ன நடந்தது?" என்று அவனே திகைத்துப்போனான். "மாமா, சட்டையைப் போடுங்கோ!" என்று உன் மகன் கத்தினான். இத்தனை வருசமும் அந்தப் பயம் என் விரலுக்குள்ளேயா இருந்தது?

பின்னேரம் உன் மகன் காரணம் கேட்டு வந்தான். அந்தப் பதினொரு நாளைப் பற்றி நீ அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவன் தன் வலத்தோளைத் தடவிப் பார்த்தான். "அப்பான்ர மெத்தை உங்களிட்டையோ? எனக்குத் தாங்கோ மாமா."

"அதை எப்பவோ எலி அரிச்சுப் போட்டுது" என்றேன்.

சரியோ பிழையோ தெரியாது. இன்று காலை எஞ்சினைக் காவினோம். அவன் முன்னால், நான் பின்னால். அவன் தோளில் தடி மட்டும்தான் இருந்தது. காய்க்கட்டும், மச்சான். இந்த மெத்தையையும் இதற்குள் தைத்திருக்கிற எங்கள் பயத்தையும் நான் அவனுக்குக் கொடுக்கமாட்டேன்.