உங்கள் வண்டியின் சீட்டை இரண்டு இஞ்சு வெட்டிவிட்டேன்

என்னங்க, எங்கே இருந்தாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் காதைக் கொடுங்கள்.

முதலில், கோபப்படாமல் கேட்க வேண்டும். உங்கள் வண்டியின் சீட்டை இரண்டு இஞ்சு வெட்டிவிட்டேன். ஹேண்டில்பாரையும் என் கைக்கு எட்டுகிற மாதிரி வளைத்தாகிவிட்டது. அப்பாடா, சொல்லிவிட்டேன். பதினெட்டு வருஷம் ஒருத்தரையும் தொடவிடாமல் வைத்திருந்தீர்கள். ஒரு தடவை ஈரச்சேலையை அதன் மேல் காயப்போட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்? வந்து கேளுங்கள், பார்க்கலாம்.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை நாளும் வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்குள்தான் கிடந்தது. சீட்டுக்கு அடியில் கோழி முட்டை வைத்தது. உங்கள் தம்பி மாதம் ஒருமுறை வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். பார்த்தால் அழுகை வரும், அழுதுகொண்டிருந்தால் வேலை நடக்காது.

வேலை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது தெரியுமா? சத்துணவில் சமையல் உதவியாளர். பள்ளிக்கூடம் நம் ஊரிலிருந்து பதினோரு கிலோமீட்டர். காலையில் ஒரே ஒரு பஸ். அது வந்தால் ஒன்பதரை, வராவிட்டால் இல்லை. அடுப்புப் பற்றவைக்க நான் ஒன்பது மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எத்தனை நாளைக்குத்தான் வழியில் போகிறவர்களிடம் கை காட்டி ஏறுவது? அமைப்பாளர் அம்மா நல்லவர்தான், ஆனால் ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"காளீஸ்வரி, இனியும் லேட்டா வந்தா நான் மேல எழுதித்தான் அனுப்பணும். எனக்கும் வேற வழி தெரியல."

இந்தச் சம்பளத்தில்தான் நம் சங்கீதா ராமநாதபுரத்தில் நர்சிங் படிக்கிறாள். வேலை போனால் அவள் படிப்பும் பாதியில் நிற்கும். பழைய ஸ்கூட்டர் ஒன்றை விசாரித்தேன். சொன்ன விலையைக் கேட்டு மோர் கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்த உங்கள் மகள்தான் கேட்டாள்.

"ஏம்மா, அப்பா வண்டி சும்மாதான கெடக்கு?"

"அடியே, அது கியர் வண்டி."

"அப்பா மட்டும் பொறக்கும்போதே கியர் போட்டுக்கிட்டா பொறந்தாரு?"

உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது அவளுக்கு.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டியின் ஆர்.சி. இந்த வருஷத்தோடு முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து, சரி என்று புதுப்பித்துக் கொடுத்தால்தான் ரோட்டில் ஓட்டலாம். இல்லையென்றால் எடைக்குத்தான் போட வேண்டும். இது தெரிந்ததும் உங்கள் தம்பியை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"மதினி, அண்ணன் வண்டியில கை வைக்காதீக. அது இங்கனயே நிக்கட்டும். வருசா வருசம் மாலை போட்டுச் சாமி கும்பிடுவோம்."

"மாலை போட்டா அது என்னையக் கொண்டுபோயிப் பள்ளிக்கூடத்துல விட்டுருமா தம்பி?"

"அப்ப நான் வாரேன்" என்று எழுந்தவர், அதற்கப்புறம் நம் வாசல் பக்கமே வரவில்லை. அவர் மேல் தப்பு இல்லை. அவருக்கு அண்ணனாக மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக் கீழக்கரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஜமால் அண்ணன் என்று ஒரு மெக்கானிக். வளைகுடாவில் ரொம்ப வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஸ்பேனரால் தட்டினார். தட்டிய இடமெல்லாம் துரு உதிர்ந்தது.

"உப்பளத்துக்குப் போன வண்டியா தங்கச்சி?"

"ஆமாண்ணே, அங்கதான் அவருக்கு வேலை. ஆனா தெனம் சாயங்காலம் வந்ததும் கழுவிருவாரு. ஒருநாள் தவறமாட்டாரு."

"எந்தத் தண்ணியில?"

"போர் தண்ணிலதான்."

"யா அல்லாஹ்! உப்பைக் கழுவ உப்புத்தண்ணியா? சும்மா விட்டிருந்தாக்கூட இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்குமே!"

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊர் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது; நமக்குத் தெரியாததா? ஆனால் ஒரு நாள் நீங்கள் நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து அரைக் குடம் மொண்டு வண்டியைத் துடைத்தீர்கள். "குடிக்கவே தண்ணி இல்ல, ஒங்க வண்டிக்கு அபிசேகம் கேக்குதோ?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்றிலிருந்து நீங்கள் அந்தக் குடத்துப் பக்கம் போகவில்லை. ஆக, அந்தத் துருவில் பாதி என் வாயால் வந்தது. அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். தண்ணீர் லாரி வர நான்கு நாள் இருந்தது, வீட்டில் இருந்தது இரண்டே குடம்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். கூலியைக் குறைக்கலாமே என்று பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வாங்கிவந்தேன். உள்ளே நட்டு போல்ட்டைப் போட்டு நானும் லீவுக்கு வந்திருந்த சங்கீதாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கித் துருவையெல்லாம் உதிர்த்தோம். கைப்பழக்கம், நேராகப் போர் குழாயடிக்குக் கொண்டுபோய் அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்த்தால் உள்ளே மிளகாய்ப் பொடியைக் கொட்டிய மாதிரி சிவந்து கிடக்கிறது! ஜமால் அண்ணனிடம் போனில் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மறுபடி குலுக்கினோம். இந்தத் தடவை நல்ல தண்ணீரில் இரண்டு குடம் முழுசாக ஊற்றி அலசினேன். சங்கீதா என்னையே பார்த்தாள். "அப்பாவுக்கு அரைக் குடம் குடுக்கலன்னு இப்ப வட்டியும் மொதலுமா ஊத்துறியாக்கும்?" என்றாள். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

புதுச் சாமான் வாங்க வழியில்லை. பின்னாடி ஷாக் அப்சார்பர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வேறு ஏதோ குட்டை வண்டியுடையது, எனக்கு அதுதான் தோது. கண்ணாடி ஒன்று வட்டம், ஒன்று சதுரம். சைலன்ஸர் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தோம். பச்சைப் பெயிண்ட் அடிக்க எனக்கு ரொம்ப ஆசை. "ஆர்.சி.யில கறுப்புன்னு போட்டிருக்கு, பச்சை அடிச்சா இன்ஸ்பெக்டர் வாசலோட திருப்பிருவாரு" என்றார் ஜமால் அண்ணன். சரி, கறுப்பு. கூலிக்குக் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு நம் கொல்லையில் விளைந்த குண்டு மிளகாய் வத்தல் ஒரு மூட்டை இறக்கினேன். அவர் வீட்டம்மா ஒரு வத்தலைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், வருசம் பூரா காணும்" என்று உள்ளே எடுத்துப்போனார்.

சீட்டு வெட்டிய அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் எட்டவில்லை. சீட்டைப் பிரித்தார்கள். நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பஞ்சு ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்திருந்தது. கத்தியைப் பார்த்ததும் கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

"மனசு வரலன்னா விட்டுருவோம் தங்கச்சி" என்றார் ஜமால் அண்ணன்.

"வெட்டுங்கண்ணே. எனக்குக் கால் எட்டணும்."

வெட்டிய பஞ்சை வீட்டுக்கு எடுத்துவந்து உறை தைத்துவிட்டேன். காய் நறுக்கும்போது அதைப் போட்டு உட்காருகிறேன். இடுப்புக்கு இதமாக இருக்கிறது.

ஓட்டப் பழகியது நம் கண்மாயில். தண்ணீர் வற்றி மைதானம் மாதிரி கிடந்தது. லைசென்ஸுக்கு எட்டுப் போட வேண்டுமே, அதற்குச் சங்கீதா கோலமாவால் தரையில் பெரிய எட்டாகப் போட்டுக் கொடுத்தாள். சேலையில் முடியாது என்று அவள் சுடிதாரைத்தான் போட்டுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். ஆடு மேய்க்க வந்த பொம்பளைகள் எல்லாம் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். "ஏ காளி, சடங்கான புள்ள மாதிரி இருக்கடி!" என்று ஒரே கூச்சல். இரண்டு தடவை கருவேல முள்ளுக்குள் விழுந்தேன். முள்ளெடுத்துவிட்டவர்களும் அவர்கள்தான். பிறகு ஜமால் அண்ணன் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டுபோய் எட்டுப் போட்டேன், லைசென்ஸும் வந்துவிட்டது.

இனி வண்டிதான் தேற வேண்டும். இன்ஸ்பெக்டரிடம் காட்டப் போகும் முன்பு ஜமால் அண்ணன் ஒரு விஷயத்தைச் சொன்னார். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் சேஸ் நம்பர் வெட்டியிருப்பார்களாம். வண்டிக்கு அதுதான் அடையாளமாம். "மத்த எடமெல்லாம் உப்புத் தின்ன லட்சணத்தைப் பாத்தா அது தப்பிச்சிருக்குமான்னு எனக்குத் தெரியல. மேல கிரீஸ் கட்டியா அப்பியிருக்கு. நான் தொடல. இன்ஸ்பெக்டர் முன்னாலயே தொடைங்க, இல்லைன்னா நாமளே தேய்ச்சு அழிச்சோம்னு நெனைப்பாரு. நம்பர் இருந்தா வண்டி ஒங்களுது. இல்லைன்னா இன்ஷா அல்லாஹ், வேற வழி பாப்போம்" என்றார். வேறு வழி எது? எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

ராமநாதபுரத்தில் அந்த ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்கிறேன். பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால் உங்கள் தம்பி. சங்கீதா போன் போட்டிருக்கிறாள். வெட்டிய சீட்டைப் பார்த்தார், வளைந்த ஹேண்டில்பாரைப் பார்த்தார், பொருந்தாத கண்ணாடிகளைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். பிறகு, "சேஸ் நம்பரைக் காட்டுங்க" என்றார். மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்தேன். உங்கள் தம்பி துணியை என் கையிலிருந்து வாங்கி, குனிந்து, மெதுவாகத் துடைத்தார். கறுப்பாக வழிந்தது. உள்ளே இரும்பு பளபளவென்று, ஒரு எழுத்துக்கூட அழியாமல், நேற்று வெட்டிய மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டரே, "இந்த வயசு வண்டியில இவ்வளவு தெளிவா நான் பாத்ததில்ல" என்று சொல்லி, காகிதத்தை வைத்துப் பென்சிலால் அச்சு எடுத்தார்.

உங்கள் தம்பி நிமிரவே இல்லை. குனிந்தபடியே சொன்னார்.

"மாசம் ஒருக்கா அங்கன கிரீஸ் வைப்பாரு மதினி. எதுக்குண்ணேன்னு கேட்டேன். மத்ததெல்லாம் போனா மாத்திக்கலாம்டா, இது போனா வண்டி நம்மளுதுன்னு சொல்ல முடியாதுன்னாரு."

அட மனிதா! கிரீஸ் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வந்து நிற்பீர்களே, அது இதற்காகத்தானா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை திட்டுத் திட்டியிருப்பேனா? திட்டித்தான் இருப்பேன். ஆனால் கொஞ்சம் குறைத்துத் திட்டியிருப்பேன்.

"யாரு ஓட்டப் போறது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் தம்பி முந்திக்கொண்டார். "எங்க மதினிதான் சார்." ஆபீஸ் மைதானத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினேன். மூன்றாவது கியர் வரைக்கும் போனேன். திரும்பி வந்து நின்றபோது தம்பி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றார். "அண்ணன் இருந்தா சீட்டுக்காக ஒங்களக் கொன்னே போட்டிருப்பாரு" என்றார். அன்றைக்கு மத்தியானம் நம் வீட்டில்தான் சாப்பிட்டார், இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கி.

இப்போது தினமும் எட்டே முக்காலுக்குப் போய்விடுகிறேன். அமைப்பாளர் அம்மா எனக்கு அப்புறம்தான் வருகிறார். பிள்ளைகள் எனக்கு 'வண்டி ஆயா' என்று பேர் வைத்துவிட்டார்கள். சங்கீதா மூன்றாம் வருஷம் போய்விட்டாள். நான் நன்றாக இருக்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

பெயர் மாற்றத்துக்கும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்; நேற்று தபாலில் புது ஆர்.சி. கார்டு வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். அதற்குக் கீழே, கணவர் என்ற இடத்தில், பொடி எழுத்தில் உங்கள் பெயர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு காகிதத்திலாவது என் பெயர் உங்களுக்கு முன்னால் வந்ததுண்டா?

ஆகையால், இனிமேல் நான் முன்னால், நீங்கள் பின்னால். சத்தியமாகச் சொல்கிறேன், வேகமாக ஓட்டமாட்டேன், எங்கே போனாலும் உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன். ஏறி உட்கார்ந்து கெட்டியாகப் பிடிச்சுக்கங்க.

உங்கள் வீட்டுக்காரி,
காளீஸ்வரி