கூடத்துக் கருப்புச் சுவர்

செம்மண்டலம், கடலூர்
12.3.2011

அன்புள்ள மகன் சேரனுக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தி இசைவாணியும் சுகமாக இருக்கவேண்டும். போனில் பேசலாம்தான், அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

நீ இன்டர்நெட்டில் படம் பார்த்துவிட்டு, லீவுக்கு வந்தால் குழந்தை கிறுக்கட்டும் என்று சொன்னபடி கூடத்துச் சுவர் ஒன்றுக்கு பிளாக்போர்டு பெயிண்ட் அடித்தாயிற்று. பெயிண்டர் காத்தவராயன், இன்னா சார், ரிட்டயர் ஆயி பள்ளிக்கூடம் வெக்கப் போறீங்களா என்று கேட்டான். மறுநாளே எதிர்வீட்டு ஜான்சி, டியூஷன் என்று நினைத்துத் தன் மகளைப் புத்தகப் பையோடு அனுப்பிவிட்டாள், திருப்பி அனுப்பினேன். அம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நல்ல நாளு பெரிய நாளுல உள்ள நொழைஞ்சதும் கருப்பாவா தெரியணும், இது வூடா அடுப்பங்கரையா என்று ஒரு வாரம் முனகினாள். சிதம்பரத்து டாக்டர் குனியவே கூடாது என்றதிலிருந்து அவள் வாசலில் கோலம் போடுவதில்லை, வேலை செய்யும் ராசம்மாள் போடுவதைப் பார்த்து, புள்ளியா இது, காக்கா கொத்துன மாதிரி என்று திட்டுவதோடு சரி. போன வெள்ளிக்கிழமை நான் மார்க்கெட் போய் வந்து பார்த்தால், சாக்பீஸும் கையுமாக நின்றபடியே அந்தச் சுவரில் கோலம் போட்டிருக்கிறாள். இப்போது தினம் ஒன்று. எனக்குச் சந்தோஷம்தான், தூசியில் தும்மல்தான் ஜாஸ்தி.

ஆனால் இடுப்புக்குக் கீழே ஒரு கோடுகூட இழுப்பதில்லை. குனிய முடியாததால் என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதற்கு, அது எம்பேத்தி எடம், அவ வந்து கிறுக்குவா என்றாள்.

இந்த வருஷம் லீவு கிடைக்காது, வரமுடியாது என்று நீ என்னிடம் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. நீயே சொல், இல்லையென்றால் இரண்டு நாளுக்காவது வந்துவிட்டுப் போ. வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. மூன்று பேருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

மறக்காமல் இசைவாணி இப்போது எவ்வளவு உயரம் என்று தெரிவிக்கவும். கோலத்தை எங்கே நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோ. மணவாளன்