மெர்சி மாற்றிச் சொன்ன முடிவு

என் மெர்சிக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. எழுதினால் நீ இல்லை என்பதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இத்தனை நாள் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் என் மகள் டிவியில் பழைய இந்திப் படம் ஒன்றைப் போட்டாள். ஐந்தே நிமிடத்தில் அடையாளம் தெரிந்துவிட்டது. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி பூட்டியிருந்த வாரம், சிவகாசி தியேட்டருக்கு நீ என்னைக் கூட்டிப்போனாயே, அதே படம். அப்பா பட்டாளத்தில் இருந்ததால் சின்னப்பிள்ளையில் வடக்கே படித்தவள் நீ. எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. படம் முழுக்க என் காதில் கதை சொல்லிக்கொண்டே வந்தாய்.

அப்போது நான் இருந்த நிலை உனக்குத்தானே தெரியும். நாம் வேலை பார்த்த லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் இரண்டு முருகன். 'முருகன் வீட்டில் உன்னைக் கேட்கிறார்கள்' என்று அம்மா சொன்னதும், லோடு வண்டி ஓட்டும் முருகன் என்று நினைத்துச் சரி என்றேன். விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தது மிஷின் ஓட்டும் முருகன்.

"நாலு வருசமா அவர் பக்கத்துல வேலை பாக்கேன். தங்கமான மனுசன்ட்டி," என்றாய். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தேன்.

படத்திலும் ஒருத்தி, காணாமல்போன தன் மாப்பிள்ளை என்று நம்பி, அவன் சாயலில் வந்த வேறொருவனிடம் மனதைக் கொடுத்துவிடுகிறாள். இடையில் கொலை, துரத்தல். கடைசியில் உண்மை தெரிந்து, கண்ணீரோடு அவன் முன்னால் நிற்கிறாள்.

"என்ன சொல்லுதா?" என்று உன் கையைப் பிடித்தேன்.

"'நீ யாரா இருந்தாலும் எங்கிட்ட நல்லவனா இருந்தே, அது போதும்'ங்கா."

"பெறகு எதுக்குப் போலீசு வருது?"

"அவன் செய்யாத கொலைக்குப் பிடிச்சிட்டுப் போறாக. இவ காத்திருப்பா."

நான் அழுதேன். மறுநாள் வீட்டில் சம்மதம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்துக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடியது. கடைசியில் அவன் முன்னால் நின்று அவள் சொன்னது இதுதான்: 'கொலைகாரன் நீதான். போலீசை வரச்சொன்னது நான்தான்.' மெர்சி, கண் இமைக்கிற நேரத்தில் எப்படி அப்படி ஒரு பொய் வந்தது உனக்கு?

நான் சிரித்ததையும் அழுததையும் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். முப்பது வருசமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "மொதல்ல நான் சரின்னு சொன்னது உங்களுக்கில்லைங்க. வண்டி முருகன்னு நெனச்சேன்."

அவர் டிவியை நிறுத்தினார். "தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒம் மொகம் சொல்லிருச்சு. பேச்சை முறிச்சிருவோம்னுதான் இருந்தேன். மெர்சிதான், 'ஒரு வாரம் பொறுங்கண்ணே, அவளா வரலேன்னா விட்டுருங்க'ன்னு சொன்னா."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீதான் வந்துட்டேல்ல. பெறகு என்னத்தச் சொல்ல."

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துவிட்டபடி எம்புட்டுப் பேசினோம். அப்போதுகூட நீ வாய் திறக்கவில்லையே. சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேனா, கட்டிப்பிடித்திருப்பேனா?

உன் மகள் ஜெனிக்குத் தை மாதம் கல்யாணம். அவளே பழகித் தேர்ந்தெடுத்த பையன், சாத்தூரில் வாத்தியார். பந்தல் வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். சர்ச்சில் அம்மா நிற்கவேண்டிய இடத்தில், என் குங்குமப் பொட்டோடு நான் நிற்பேன். நடுவில் அவள் உன்னைத் தேடித் திரும்பினால், "இருக்கேன்ட்டி" என்பேன். இது சத்தியம்.

நீ 'அண்ணே' என்று கூப்பிட்டவரின் மனைவி,
உன் மதினி
பாண்டியம்மாள்